செட்டிநாட்டு முட்டைப் பூச்சு: மளிகைக் கடைக்காரர் அறிய வேண்டியது

அண்மைக் காலமாக நமது கடைகளுக்குப் புதுவகைச் சிட்டை ஒன்று வரத் தொடங்கியிருக்கிறது. கடுக்காய் பத்துக் கிலோ, கருப்பட்டி அல்லது நாட்டு வெல்லம் இருபது கிலோ, முட்டை பத்து ட்ரே, சில சமயம் தயிரும். பார்த்தால் கல்யாண வீட்டுச் சிட்டையும் அல்ல, வைத்தியர் எழுதிய சிட்டையும் அல்ல. கொண்டுவருகிறவர் கொத்தனார். பழைய வீட்டைப் புதுப்பிப்போரும், தங்கும் விடுதி கட்டுவோரும், புது வீட்டுக் கூடத்தில் ஒரு சுவராவது அந்தக் காலத்து மினுமினுப்போடு இருக்க வேண்டும் என்று விரும்புவோரும் அவரை அனுப்புகிறார்கள்.

சரக்கைக் கட்டிக் கொடுத்துப் பணம் வாங்கிப் போட்டுவிடலாம். ஆனால் எதற்குப் போகிறது என்று தெரியாமல் கொடுத்த சரக்கு நம் தலைமேல் திரும்பி வருவதுண்டு. 2019-ல் எங்கள் கடைக்கு அப்படி ஒரு கடுக்காய் மூட்டை திரும்பி வந்தது. "உங்கள் கடுக்காயால் சுவரெல்லாம் கறுத்துப் போய்விட்டது, நஷ்ட ஈடு வேண்டும்" என்று வீட்டுக்காரர் நின்றார். விசாரித்ததில், ஊறவைத்த கடுக்காயை இரும்பு அண்டாவில் போட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மைதான் கிடைக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்தே எழுதும் மை காய்ச்சினார்கள். சரக்கில் குற்றமில்லை என்றாலும், "மண்பானையிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ ஊற வையுங்கள்" என்று ஒரு வார்த்தை கொடுக்கும்போதே சொல்லியிருந்தால் அந்த வீட்டுக்காரர் இன்றும் நம் வாடிக்கையாளராக இருப்பார். அதன் பிறகுதான் இந்தப் பூச்சைப் பற்றி உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். கற்றதையும், கையைச் சுட்டுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பகுதிகளில் நகரத்தார் பெருமக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1940-கள் வரை கட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல்லையும் எல்லாரும் புகழ்வார்கள். சுவரைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. முகப்பிலும் வளவிலும் உள்ள வெள்ளைச் சுவர் பளிங்குபோல் வழுவழுப்பாகவும், சித்திரை வெயிலிலும் குளுமையாகவும் இருக்கும். எண்பது, நூறு ஆண்டாக அதன்மேல் பெயிண்ட் ஏறியிருக்காது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். இந்தச் சுவரும் அடங்கிய செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேச மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றன.

இந்தப் பளபளப்பு மேலே பூசிய வார்னிஷ் அல்ல. சுண்ணாம்பே அமுக்கித் தேய்க்கப்பட்டு, மறுபடியும் கல்லாகிப் பளபளக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

கடலோரக் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே பொருள்தான். காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரிச் சூட்டில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி, நீற்றின சுண்ணாம்பாகிறது. அதைச் சுவரில் பூசினால் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு பழையபடி கல்லாகிறது. இந்த மாற்றம் ஒரு நாளில் நடப்பதல்ல. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லி மீட்டர் ஆழம் என்பது கட்டடக்காரர் சொல்லும் கணக்கு. கிளிஞ்சல் சுண்ணாம்பு நல்ல வெள்ளையாகவும் சன்னமாகவும் இருப்பதால் மேல் பூச்சுக்கு அதையே தேடி வாங்கினார்கள்.

இதில் நம் போன்றோருக்கு ஓர் எடைக் கணக்கு இருக்கிறது. சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். அந்த 56 கிலோ தண்ணீரோடு சேர்ந்து நீறினால் 74 கிலோப் பொடியாகும். காற்றில் முழுவதும் கெட்டுப் போனால் மறுபடியும் 100 கிலோ. ஆக, சுட்ட சுண்ணாம்பு என்று வாங்கும் மூட்டை மழைக்காலத்தில் கிடங்கில் கிடந்து காற்றை வாங்கியிருந்தால் எடை கூடியிருக்கும், வீரியம் குறைந்திருக்கும். நாம் காற்றுக்கும் ஈரத்துக்கும் விலை கொடுத்திருப்போம். வேறெந்தச் சரக்கும் கெட்டுப்போய் இப்படி எடை கூடி நாம் பார்த்ததில்லை! வாங்கும்போது ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். சில நிமிடத்தில் சூடேறிப் பொங்கிப் பிளந்தால் புதுச் சரக்கு. சும்மா ஊறிக் கரைந்தால் பழையது.

நீற்றிய பிறகு கதை மாறிவிடும். தண்ணீர் மூடிய தொட்டியில் கிடக்கும் சுண்ணாம்பு விழுதுக்குக் காற்றுப் படாது. நாள் ஆக ஆக வெண்ணெய்போல் நயமாகும். மூன்று மாதம் ஊறியது நல்லது, ஓராண்டு ஊறியது அதனினும் நல்லது. நீறாமல் நின்ற சிறு கட்டிகள் ஊறலில் கரைந்துவிடும். அவசரப்பட்டுப் பூசினால் அவை சுவரில் இருந்தபடியே நீறி, பொரிப் பொரியாக வெடித்துக்கொண்டு வரும்.

சுட்ட சுண்ணாம்பை மளிகைக் கடைக்குள் வைக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. கூரை ஒழுகி ஈரம் பட்டால் ஏறும் சூட்டில் பக்கத்துச் சாக்கு தீப்பற்றக்கூடும். விழுதாக விற்பதானாலும் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்து, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

நம் கடைச் சரக்கு சுவரில் என்ன செய்கிறது?

இது நேற்று முளைத்த வழக்கம் அல்ல. செயின்ட் எலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்ற ஆங்கிலேயர், சென்னையில் சாந்து தயாரிக்கும் முறையை விவரித்து எழுதியது 1732-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. மணலும் சுண்ணாம்பும் சமபங்கு. வெல்லம் கரைத்த நீர். வேகவைத்து வடித்த பயற்றுக் கஞ்சி. கடுக்காய் காய்ச்சிய நீர். மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளை, தயிர், நெய் என்று அடுக்கிக்கொண்டு போகிறார். சென்னை வட்டாரத்தில் அன்று ஆங்கிலேயர் பயறு என்று குறித்தது பெரும்பாலும் கொள்ளுதான். ஒரு மளிகைக் கடையையே சாந்தில் கொட்டியிருக்கிறார்கள்! "மதராஸ் சுண்ணாம்பு" என்று மேனாட்டார் பளிங்குக்கு நிகராகப் புகழ்ந்தது இந்தப் பூச்சைத்தான்.

கடுக்காயில் வேலை செய்வது மேல்தோலின் துவர்ப்பு. கொட்டைக்கு இங்கே வேலையில்லை. சுக்குக்குத் தோலும் கடுக்காய்க்குக் கொட்டையும் ஆகாது என்பது நம் கடைப் பையனுக்கும் தெரியும், ஆனால் கொட்டையோடு அரைத்த தூளைப் "பூச்சுக்குத்தானே" என்று கொடுத்துவிடுகிறோம். எடையில் கணிசமான பங்கு கொட்டையாகப் போவதால் கொத்தனார் போட்ட அளவு சாந்தில் சேர்வதில்லை. முழுக் கடுக்காயாகக் கொடுத்து, தட்டிக் கொட்டை நீக்கி ஊறப்போடச் சொல்வதே நேர்மை. சில நாள் ஊறிப் புளித்த நீரை வடித்து அடிப்பூச்சிலும் நடுப்பூச்சிலும் சேர்ப்பார்கள். பழுப்பு நிறம் ஏற்றும் என்பதால் மேல் வெள்ளைப் பூச்சில் மிகக் குறைவாகவே விடுவார்கள், அல்லது விடவே மாட்டார்கள்.

வெல்லம் சாந்தை இளக்கிக் கொடுக்கிறது. சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு வெறும் நீரைவிட அதிகமாகக் கரையும். ஆனால் அளவு மீறினால் சாந்து இறுகாமல் நாள் கணக்கில் பிசுபிசுவென்று நிற்கும். வீட்டுக்காரர் ஆசையாய், "கூடப் போடுங்கள், உறுதியாகட்டும்" என்பார். அது உறுதியைக் கெடுக்கும். நிறம் வெளுக்க மருந்து போட்ட மஞ்சள் வெல்லத்தை அனுபவமுள்ள மேஸ்திரிகள் தொடுவதில்லை. சுவருக்குள் எந்த உப்பும் போகக் கூடாது என்பது அவர்கள் விதி. கறுத்த வெல்லம் விற்காமல் தேங்குகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இது ஒரு வழி.

முட்டையில் வெள்ளைக் கரு மட்டும். அதிலுள்ள புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து நீரில் எளிதில் கரையாத பசையாகிறது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 30 கிராம் வெள்ளை தேறும், ஆக நூறு முட்டைக்கு மூன்று கிலோ. மூன்று கிலோ வெள்ளைக்காக நூறு மஞ்சள் கரு மிஞ்சும். எங்கள் மேஸ்திரி வீட்டில் அந்த வாரம் முழுக்க முட்டைப் பொரியல்தான் என்று அவர் மனைவி அலுத்துக்கொண்டார். பழைய முட்டையில் வெள்ளை நீர்த்துப் போயிருக்கும். அதைப் பூச்சுக்கென்று தள்ளிவிடாமல் புது முட்டையே கொடுக்க வேண்டும்.

முட்டை வேண்டாம் என்னும் சைவ வீட்டாருக்குத் தயிர் இருக்கிறது. பாலின் புரதமும் சுண்ணாம்போடு சேர்ந்து பசையாகும். ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூர்ப் பக்கம் 'அராயிஷ்' என்னும் பூச்சு இவ்வகைதான். சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் தயிரும் வெல்லமும் சேர்த்து, அகேட் கல்லால் தேய்த்து, கடைசியில் தேங்காயால் துடைத்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். மொராக்கோ நாட்டு மராக்கேஷ் நகரில் குளியல் அறைச் சுவருக்குக்கூட இப்படிப் பூசுகிறார்கள். அங்கே ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தடவிக் கூழாங்கல்லால் தேய்க்கிறார்கள். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒன்றாகிவிடுவதால் அது நனைந்தாலும் தாங்குகிறது. ஊருக்கு ஊர் மளிகைச் சரக்கு மாறுகிறது, சுண்ணாம்பும் கல்லும் கைவலியும் மாறவில்லை.

கைவலி என்று சும்மா சொல்லவில்லை. அடிப்பூச்சு சுண்ணாம்பும் மணலும். அது இறுகி, ஆனால் ஈரம் முழுதும் போகாமல் இருக்கும்போதே அடுத்தது. மேலே போகப் போக மணல் குறைந்து சன்னமாகும். வெண்மணல் ஒரு பங்குக்குச் சுண்ணாம்பு மூன்று நான்கு பங்கு என்று வரும். கடைசிப் பூச்சு அம்மியில் சந்தனம்போல் அரைத்தது. கனம் இரண்டு மூன்று மில்லி மீட்டருக்கு மேல் இராது. அதைக் கரணையால் இழுத்துவிட்டு, வழுவழுப்பான கல்லால் அழுத்தித் தேய்க்கத் தொடங்கினால் அந்தச் சுவர் முடியும்வரை இறங்கக் கூடாது. பாதியில் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் கோடு தெரியும். மாக்கல் பொடியைத் துணி முடிச்சில் கட்டி ஒற்றி ஒற்றித் தேய்ப்பதும் உண்டு. பிறகு சில நாள் சுவர் வியர்க்கும். அந்த வியர்வையை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சதுர அடிக் கூலி கேட்டு மலைப்பவர்கள் ஒருநாள் நின்று பார்த்தால் பேரம் பேச மாட்டார்கள்.

எங்கள் கடைச் சுவர்

இனி எங்கள் தவற்றைச் சொல்லுகிறோம். எங்கள் பாட்டனார் 1936-ல் கட்டிய கடையின் முன்கட்டில், கல்லாவுக்குப் பின்னால் பதினாறு அடி நீளச் சுவர் முட்டைப் பூச்சுதான். கல்லாவில் இருப்பவரின் உருவம் அதில் நிழலாகத் தெரியும். 1986 ஐப்பசி மழையில் பின்கட்டுக் கிடங்கு ஒழுகவே, இளவயதில் பொறுப்பேற்றிருந்த நாங்கள் கல்லுப்பு மூட்டைகளைக் கொண்டுவந்து அந்தச் சுவரோரம் அடுக்கினோம். "உப்பைச் சுவரில் சாய்க்காதே, ஒரு முழம் தள்ளிப் பலகைமேல் போடு" என்றார் தந்தையார். இடம் போதாது என்றோம். தற்காலிகம் என்று வைத்தது ஆறு ஆண்டு கிடந்தது.

கல்லுப்பிலுள்ள மக்னீசிய உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்த உப்புநீரைச் சுவர் குடித்தது. கோடையில் தண்ணீர் மட்டும் ஆவியாக, உப்பு பூச்சின் தோலுக்கு அடியில் கட்டிக் கட்டியாக விளைந்து தோலைத் தள்ளியது. இடுப்பு உயரம்வரை கொப்புளம் கிளம்பி உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் சிமெண்டு பூசச் சொன்னோம். அது செய்த கெடுதல் உப்பைவிடப் பெரிது. சிமெண்டு, ஈரம் வெளியேற விடாமல் அடைத்துக்கொள்ள, ஓதம் மேலே ஏறி நல்ல பூச்சையும் பிடித்தது. அசிங்கத்தை மறைக்க எனாமல் பெயிண்ட் அடித்தோம். மிச்சமிருந்த வழியும் அடைபட்டது. 1995 வாக்கில் மார்பு உயரம்வரை போய்விட்டது. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. கல்லாவில் உட்காரும்போது நாற்காலியை மட்டும் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

2021-ல் மகன் கடையை எடுத்து நடத்தத் தொடங்கியபோது, சுவரைக் கொத்தி எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டிக் கண்ணாடி அலமாரி போடலாம் என்றார். நாங்களும் தலையசைத்துவிட்டோம். கொத்த வந்த மேஸ்திரிதான், "அண்ணாச்சி, இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை தட்டிப் பாத்துக்கிறேன்" என்று விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். கீழே பொத்தென்று சத்தம். மார்புக்கு மேலே கல்லைத் தட்டியதுபோல் 'ணங்' என்றது. எனாமலை ஓரிடத்தில் சுரண்டிக் காட்டினார். உள்ளே பாட்டனார் காலத்து வெள்ளை அப்படியே இருந்தது.

"இது கெட்டுப் போகலை அண்ணாச்சி. மூச்சு முட்டிப் போய்க் கிடக்கு" என்றார்.

மகன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் டைல்ஸ் கடைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கப் போனார். பாதிதான் கிடைத்தது.

கடைவீதிகளில் பழைய கட்டடத்தில் இருக்கும் உறுப்பினர்கள் அலமாரிக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எத்தனையோ சுவர்களைக் கொத்திக் குப்பையில் போட்டிருக்கிறோம். பூச்சு கெட்டிருந்தால் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். அது கூரைத் தண்ணீர்க் குழாயாக இருக்கலாம், சாக்கடையாக இருக்கலாம், எங்களைப்போல் உப்பு மூட்டையாகவும் இருக்கலாம். அதற்கு முன் எதைப் பூசினாலும் வீண்.

புதிதாகச் செய்ய விரும்பும் வாடிக்கையாளர் யோசனை கேட்டால் நாங்கள் மூன்று விஷயம் சொல்வோம். மழைக்காலத்தில் தொடங்க வேண்டாம். அடியில் சிமெண்டுப் பூச்சு இருக்கும் சுவரானால் மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழவழப்பான சிமெண்டின்மேல் சுண்ணாம்பு பிடிக்காது, கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும் அல்லது எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, முழுச் சுவருக்கு முன் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி பூசி ஒரு மாதம் விட்டுப் பார்க்க வேண்டும்.

டப்பாவில் வரும் 'இத்தாலியன்', 'வெனிஸ்' பூச்சுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வெனிஸ் நகரில் சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் சேர்த்துத் தேய்த்த மெய்யான பூச்சு நெடுங்கால மரபு. டப்பாவில் வருவதில் சில சுண்ணாம்பு, சில வெறும் அக்ரிலிக் பிசின். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு என்று சிலர் சோதிக்கிறார்கள். சாதாரணப் பெயிண்டிலும் சுண்ணாம்புக் கல் தூளை நிரப்பியாகப் போடுவதால் அதுவும் நுரைக்கலாம். இந்தச் சோதனையை நம்பி விற்காதீர்கள். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, அதில் உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதே நமக்குப் பாதுகாப்பு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேறு சரக்கு. ஈரம் படும் சுவருக்கு ஆகாது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துக் குழப்ப வேண்டாம்.

எங்கள் சுவரில் எனாமலையும் சிமெண்டையும் பதமாக எடுத்துவிட்டு, 2022 முதல் ஒவ்வொரு பங்குனி சித்திரையிலும் காகிதக் கூழை நல்ல தண்ணீரில் பிசைந்து கீழ்ப்பகுதியில் அப்பிக் காயவிடுகிறோம். காயும்போது சுவரிலுள்ள உப்பு கூழுக்கு வந்துவிடுகிறது. உரித்தெடுத்த கூழை முதல் ஆண்டு நாக்கில் வைத்தால் கரித்தது. மூன்றாம் ஆண்டு இலேசாகத்தான் தெரிந்தது. கரிப்பு அடியோடு நின்ற பிறகுதான் பூசுவேன் என்கிறார் மேஸ்திரி. சுண்ணாம்பு நீற்றித் தொட்டியில் போட்டாகிவிட்டது. உப்பு மூட்டைகள் இப்போது பின்கட்டில், பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கின்றன.